பெரிய வியாழன் துண்டு

சமூக நீதி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது எங்கள் மாதா கோயிலில் அல்ல. திருக்காட்டுப்பள்ளியில் நடந்த ஒரு கட்சிக் கூட்டத்தில் கேட்டேன். பேசியவர் அந்தச் சொல்லைச் சொன்னபோதெல்லாம் எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். பாதிதான் புரிந்தது. பல வருடம் கழித்து எங்கள் பங்குச்சாமியார் அதே சொல்லில் ஒரு பணிக்குழு அமைத்து என்னையும் அதில் சேர்த்தபோது, மீதிப் பாதி அங்கே புரிந்துவிடும் என்று நம்பிப் போனேன்.

குழுவில் எங்கள் கீழத்தெருவுக்கு இரண்டு இடம். ஒன்று என் மனைவியின் அண்ணனுக்கு. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார், வாயைத் திறந்தால் மூடமாட்டார். இன்னொரு ஆள் யார் என்று பேச்சு வந்தபோது, கோயில்தெருவின் பெரிய பண்ணை, "அந்த அமைதியான ஆளைப் போடுங்க சாமி" என்றாராம். அவர் சொன்ன ஆள் நான்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. அதையே ஒரு தகுதியாக வைத்து என்னை ஒருவர் தேர்ந்தெடுப்பார் என்று நான் நினைத்ததில்லை.

பெரிய பண்ணை எனக்குப் புதியவர் இல்லை. அவர் வயலில்தான் என் அப்பாவும் நானும் நட்டோம், அறுத்தோம். அப்பா அவரை ஆண்டை என்பார், அவரைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். நான் ஐயா என்பேன். துண்டு தோளிலேயே கிடக்கும். அப்பாவை அவர் 'டா' போட்டுக் கூப்பிட்டார், என்னை 'ப்பா' போட்டுக் கூப்பிட்டார். இந்த அளவுக்கு வருவதற்கே ஊர் ஊராகக் கொடி ஏறவேண்டியிருந்தது, கோட்டையில் ஆட்சி மாறவேண்டியிருந்தது.

குழு அமைப்பதற்கு முந்தின தை மாதம் அறுவடைக் கூலிக்காக எங்கள் தெரு வயலில் இறங்கவில்லை. பெரிய பண்ணை லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். நாங்கள் வரப்பில் சிவப்புக் கொடி நட்டோம். போலீஸ் வந்தது. பிறகு தாசில்தார் வந்தார். கடைசியில் கூலி கொஞ்சம் ஏறியது. அந்த வார ஞாயிறு பூசையில் அவரும் நாங்களும் ஒரே பீடத்தைப் பார்த்து முழங்காலில் நின்றோம். அவர்கள் முன்னால், நாங்கள் தூணுக்குப் பின்னால். சாமியார் சமாதானத்தைப் பகிரச் சொன்னபோது அவரவர் பக்கத்தில் இருந்தவர்களுக்கே வணக்கம் சொல்லிக்கொண்டோம்.

சாமியார் சின்ன வயதுக்காரர், வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர். நல்ல மனுஷர் என்று இன்றைக்கும் சொல்வேன். பங்குப் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு அறையில் எங்களைக் கூட்டினார். பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தோம். முதல் கூட்டத்தில் தேர் எங்கள் தெருவுக்கு வருவதைப் பற்றிப் பேசினார். தேர் விஷயம் கோர்ட்டில் இருக்கிறது என்றார்கள். கல்லறையில் எங்களுக்குத் தனிப் பக்கம் இருப்பதைப் பற்றிப் பேசினார். அது பரம்பரை விஷயம், மறைமாவட்டத்து ஆயர் வந்து பேசட்டும் என்றார்கள். இரண்டையும் மடித்து வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"சரி. சின்னதா ஒண்ணு ஆரம்பிப்போம். பெரிய வியாழன்னைக்குப் பாதம் கழுவுறோமே, அதுல கீழத்தெருவிலேருந்து ஒருத்தர் உக்காரட்டும்."

எங்கள் கோயிலில் அந்தச் சடங்கு நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருடைய வலது காலைக் கழுவித் துடைத்து முத்தம் கொடுப்பார். எல்லாக் கோயிலிலும் உள்ளதுதான். எங்கள் ஊரில் அந்தப் பன்னிரண்டு இடமும் கோயில்தெருவின் பன்னிரண்டு வீட்டுக்குச் சொந்தம். அப்பன் இருந்த நாற்காலியில் மகன் உட்காருவான். நெஞ்சில் குறுக்கே போடும் சிவப்புப் பட்டையில் அப்போஸ்தலரின் பெயர் இருக்கும். பெரிய பண்ணை வீட்டுக்குச் சீடர்களில் தலைவரான இராயப்பர், முதல் நாற்காலி. யூதாசின் பட்டையை யாரும் போட மாட்டார்கள் என்பதால் அதற்குப் பதில் மத்தியா என்று எப்போதோ தைத்து வைத்துவிட்டார்கள். எங்கள் தெருவின் பங்கு, காவிரியிலிருந்து வண்டியில் மணல் அடித்துக் கோயிலைச் சுற்றிப் பரப்புவது. பங்குனியில் ஆற்றில் தண்ணீர் இருக்காது. மணல் நிறைய இருக்கும்.

எங்களுக்கு முக்கியம் நாற்காலி அல்ல, துண்டு.

சாமியார் மேலங்கியைக் கழற்றிவிட்டு இடுப்பில் ஒரு நீளமான வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொள்வார். சிவப்புக் கரை போட்டது, பெரிய பண்ணை வீட்டுக் காணிக்கை. அந்த ஒரே துண்டால்தான் எல்லாருடைய காலையும் துடைப்பார். சடங்கு முடிந்ததும் துண்டு அவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகும். துவைக்காமல் காயவைத்து, மடித்து வீட்டில் இருக்கும் மாதா சுரூபத்துக்குக் கீழே வைப்பார்கள். வருஷம் முழுக்கக் கோயில்தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அதை எடுத்து நெற்றியில் போடுவார்கள். பிரசவ வலி கண்டால் வயிற்றில் போடுவார்கள். அப்போஸ்தலர் பன்னிரண்டு பேரின் பாதம் பட்ட துண்டு என்பார்கள்.

என் மூத்த மகள் கைப்பிள்ளையாக இருந்தபோது காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். என் மனைவி, "அந்தத் துண்ட ஒரு ராத்திரிக்குக் கேட்டுப் பாருங்களேன்" என்றாள். நான் பெரிய பண்ணை வீட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். அந்த வீட்டு அம்மா நல்லவங்கதான். பிள்ளைக்கு என்று ரொட்டிப் பாக்கெட் கொடுத்தாங்க. "அது வெளியில போறதில்லப்பா. நான் பிள்ளைக்காகச் செபம் சொல்லிக்கிறேன்" என்றாங்க. சொல்லியிருப்பாங்க, நான் நம்புகிறேன். மகளைத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பிழைத்துவிட்டாள். ஆனால் 'வெளியில' என்ற வார்த்தையை என் மனைவி மறக்கவில்லை. கோயில்தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே தொட்டியில்தான் என் மகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

அதனால் சாமியார் அந்தச் சடங்கைச் சொன்னதும் எனக்கு முதலில் தோன்றியது துண்டுதான். எங்கள் தெருக்காரன் ஒருவன் கால் அதில் பட்டுவிட்டால் அது எங்கள் துண்டும்தான். பிறகு யார் போய்க் கேட்டாலும் வெளியில போறதில்ல என்று சொல்ல முடியாது. இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டில் யார் எழுந்திருப்பது என்ற இடத்தில் பேச்சு நின்றது. ஒருவரும் விட மாட்டேன் என்றார்கள். மருந்துக்கடை வைத்திருப்பவர், கோயில்தெருக்காரர், சிரித்துக்கொண்டே, "வேணும்னா யூதாசு இடம் காலியாத்தான் இருக்கு சாமி" என்றார்.

என் மச்சான் உடனே எழுந்தார். "ஏங்க, முப்பது காசு வாங்குனவன் அந்தக் காசுல நிலம் வாங்குனான்னு வேதத்துலயே இருக்கு. எங்க தெருவுல யாருக்குங்க நிலம் இருக்கு? நிலம் வச்சிருக்கவங்க பாத்து அந்த இடத்துல உக்காருங்க!"

நான் மட்டுமல்ல, சாமியாரும் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். பெரிய பண்ணை மட்டும் அசையவில்லை. கைத்தடியைத் தரையில் தட்டிவிட்டு, "சாமி ஒரு வழி சொல்லட்டும்" என்றார்.

சாமியார் சொன்ன வழிதான் பதின்மூன்றாவது நாற்காலி. யாரும் எழுந்திருக்க வேண்டாம், கூட ஒரு நாற்காலி போடுவோம். ஒரு நிமிஷத்தில் எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள். வருஷக் கணக்காகத் தேருக்கு வழிவிடாதவர்கள் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் மச்சான் என் முதுகில் தட்டிய தட்டில் அந்த ஆச்சரியம் போய்விட்டது.

"யார் உக்கார்றது?" என்று சாமியார் கேட்டார்.

"அமைதியான ஆள் இருக்காரே" என்றார் பெரிய பண்ணை.

பெரிய வியாழனன்று பகலில் உளுந்து பிடுங்கிவிட்டு வந்தேன். குதிகாலெல்லாம் வெடிப்பு. என் மனைவி ஒரு செங்கல் துண்டை எடுத்து என் வலது காலைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"கழுவப் போற காலு, எதுக்குத் தேய்க்கிற?"

"சாமி முத்தம் குடுக்குற காலுங்க. முள்ளு மாதிரி குத்துனா என்னைத்தான சொல்லுவாங்க? காட்டுங்க."

"அப்ப எடது காலு?"

"அது நம்ம வீட்டுக்குள்ளயே நடமாடுற காலு. இருக்கட்டும்."

தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். புது வேட்டி கட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டு பேருக்கும் கோயிலின் கைவைத்த மர நாற்காலி. எனக்குப் பள்ளிக்கூடத்து இரும்பு மடக்கு நாற்காலி, வரிசையின் கடைசியில். பட்டை இருந்தது, பெயர் இல்லை. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண், "மாமா, நீங்க எந்த அப்போஸ்தலரு?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். தூணுக்குப் பின்னாலிருந்து மச்சான் குரல் வந்தது: "சின்னப்பருடி! அவரும் லேட்டா வந்து சேந்தவருதான்." கோயில் என்று பாராமல் எங்கள் தெருப் பெண்கள் சிரித்தார்கள்.

சாமியார் இராயப்பரிடமிருந்து தொடங்கினார். தண்ணீர் ஊற்றினார், துண்டின் நுனியால் துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். துண்டின் நுனி கொஞ்சம் கொஞ்சமாக நனைந்து கொண்டே வந்தது. நான் அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெலவேந்திரர், யாகப்பர், அருளப்பர், தோமையார் என்று நாற்காலி நாற்காலியாக வந்து, மத்தியாவின் காலைத் துடைத்து முடித்தார். அடுத்தது நான்.

அப்போது பூசைக்கு எடுத்துக்கொடுக்கிற கோயில்பிள்ளை பக்கவாட்டுக் கதவிலிருந்து வந்தார். சாமியாரின் இடுப்பிலிருந்து அந்தத் துண்டை அவிழ்த்தார். மடித்தார். பெரிய பண்ணையின் மடியில் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து சாமியார் கையில் வேறொரு துண்டைக் கொடுத்தார். நீலக் கோடு போட்ட கடைத்துண்டு, கஞ்சி மொடமொடப்பு போகாதது.

சாமியார் அதை வாங்கி என் காலைத் துடைத்தார். முத்தமும் கொடுத்தார். அந்த முத்தம் உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பதின்மூன்றாவது நாற்காலி எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. நான் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ உட்கார்ந்திருந்தால் நடுவில் துண்டை மாற்ற முடியாது. கடைசியில் உட்கார வைத்தால் எனக்குப் பிறகு யாருடைய காலும் இல்லை. எல்லாரும் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதும் இதற்குத்தான்.

வெளியே வந்ததும் எங்கள் தெரு என்னைச் சூழ்ந்துகொண்டது. மச்சானுக்குக் கண்ணில் தண்ணீர். "மாப்ள, உங்கப்பன் இருந்து பாத்திருக்கணும்டா" என்றார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் மனைவி கேட்டாள்:

"துண்ட ஏங்க மாத்துனாங்க?"

பெண்கள் பக்கத்திலிருந்து அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஈஸ்டர் முடிந்து சாமியாரிடம் போனேன். சாமியாரின் அறை வாசலில் நின்று சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கவே நேரமாகிவிட்டது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஈரமாயிடுச்சுப்பா. அதான் வேற துண்டு குடுத்தாங்கன்னு நெனச்சேன்."

"மத்தியாவுக்கும் ஈரமாத்தான் சாமி இருந்துச்சு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். புரிந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. புரிந்த பிறகு அவருக்குக் கோபம் வந்தது. என் மேல்தான் வந்தது.

"எவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு நாற்காலி வாங்கியிருக்கேன் தெரியுமா? அவங்கள ஒத்துக்க வைக்க நான் எத்தன வீடு ஏறி எறங்குனேன்! மொத வருசமே துண்டு, தண்ணின்னு புடிச்சுக்கிட்டா எல்லாம் போயிடும். கொஞ்சம் பொறுமையா இருங்க."

பொறுமை ஒன்றுதானே என்னிடம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். தோத்திரம் சாமி என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்ததும் குழு மறுபடி கூடியது. அதே மூன்றாம் வகுப்பு, அதே பெஞ்சு. கூட்டத்துக்குக் கிளம்பும்போது என் மனைவி, "நீங்க இன்னைக்குப் பேசலன்னா நான் வந்து பேசுவேன்" என்றாள். அவள் செய்வாள். அந்தப் பயத்தில்தான் எழுந்தேன். பெஞ்சு குட்டை என்பதால் எழுந்தபோது டெஸ்க் சாய்ந்து பெரிய சத்தம் போட்டது. எல்லாரும் திரும்பிவிட்டார்கள்.

"ஒரே துண்டால தொடைக்கணும். என்னை நடுவுல உக்கார வைக்கணும்" என்றேன். வாழ்க்கையில் நான் கூட்டத்தில் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மருந்துக்கடைக்காரர், "அட, நம்ம அமைதியான ஆளு!" என்றார். "ஏம்பா, போன தடவை கூலி, இந்தத் தடவை துண்டா? அடுத்த வருசம் சோப்பு கேப்பியா?"

"கேப்பாருங்க. அதையும் ஒரே சோப்பாக் கேப்பாரு" என்றார் மச்சான்.

பெரிய பண்ணை கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அறுவடைத் தகராறில் மட்டும்தான். மெதுவாகச் சொன்னார். "துண்டு எங்க வீட்டுக் காணிக்கை சாமி. எங்க பாட்டன் காலத்துலேருந்து குடுக்குறோம். காணிக்கைக்கு ஒரு முறை இருக்கு. யாரையும் தாழ்த்திச் சொல்றதுக்கு இல்ல."

அவர் அப்படிச் சொல்லும்போது எதிர்த்துப் பேச எதுவும் கையில் கிடைக்காது. வயலில் கூலி என்றால் இவ்வளவு மரக்கால் நெல் என்று கேட்கலாம். வரப்பில் கொடி நடலாம். தாசில்தாரிடம் போகலாம். இதற்கு எந்த ஆபீஸுக்குப் போவது? தாலுகா ஆபீஸில் நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆகவே சேரிக்காரர்களுக்குள்ள சலுகை கிடையாது என்கிறார்கள். கோயிலுக்கு வந்தால் நாங்கள் கீழத்தெரு.

சிக்கலை அவிழ்த்தது மருந்துக்கடைக்காரர்தான். சுகாதாரம் என்றார். ஒரே துண்டால் இத்தனை பேர் காலைத் துடைப்பதே தப்பு, சேற்றுப்புண், படை எல்லாம் ஒட்டும், டவுன் கோயில்களில் இப்போது ஆளுக்கொரு துண்டு என்றார். சாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா? ஆளுக்கு ஒரு துண்டு. புதுசு. எல்லாருக்கும் ஒரே மாதிரி. நம்ம ஆளு கேட்டபடியே நடுவுல... ஏன் நடுவுல, ரெண்டாவது நாற்காலியிலயே உக்காரட்டும், இராயப்பருக்குப் பக்கத்துல! இதவிடச் சமம் என்ன வேணும்?"

எல்லாரும் கை தட்டினார்கள், மச்சானும் தட்டினார். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். நான் கேட்டது ஒரே துண்டு. எனக்குக் கொடுத்தது எனக்கென்று ஒரு துண்டு. இரண்டும் ஒன்றில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. முதல் பேச்சிலேயே என் நாக்கில் இருந்த தைரியம் எல்லாம் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை. "ஒட்டாம இருக்கத்தான் ஆளுக்கொண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருஷப் பெரிய வியாழன். எனக்கும் மர நாற்காலி. பட்டையில் பெலவேந்திரர் என்று எழுதியிருந்தது. அந்த இடத்துக்காரர் எனக்காக ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார், அவருக்கு அவசரமாக ஒரு புதுப் பட்டை தைத்து அதிலும் பெலவேந்திரர் என்றே எழுதியிருந்தார்கள். அன்றைக்கு எங்கள் கோயிலில் இரண்டு பெலவேந்திரர். ஒவ்வொருவர் மடியிலும் பாலித்தீன் உறை போட்ட ஒரு சின்ன வெள்ளைத் துண்டு. உறையைப் பிரிக்கும் சத்தம் பூசையின் நடுவில் வரிசையாகக் கேட்டது.

சாமியார் வெளியே வந்தபோது அவர் இடுப்பில் அந்தப் பழைய துண்டு இருந்தது. சிவப்புக் கரை போட்டது. காணிக்கை நிற்கக்கூடாது என்று பெரிய பண்ணை கேட்டுக்கொண்டாராம்.

சாமியார் பெரிய பண்ணையின் முன்னால் மண்டியிட்டார். பெரிய பண்ணைக்கு வயதாகிவிட்டது. அந்த வருஷம் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. காலில் தண்ணீர் விழுந்ததும் உடம்பு லேசாகச் சிலிர்த்தது, மடியில் இருந்த அவர் துண்டு நழுவி, காலுக்குக் கீழே வைத்திருந்த தாம்பாளத்துக்குள் விழுந்தது. தண்ணீரில் ஊறி அடியில் கிடந்தது. சாமியார் அதை எடுத்துப் பிழிந்து பார்த்தார். துடைக்க உதவாது. கோயில்பிள்ளையைத் தேடினார். அவர் தண்ணீர்க்குடம் எடுக்கப் போயிருந்தார்.

பழைய துண்டு சாமியாரின் இடுப்பில்தான் இருந்தது. கையை வைத்தால் போதும். வழக்கமாகத் துடைத்த துண்டு. பெரிய பண்ணைக்கு அது அவர் வீட்டுத் துண்டு. ஆனால் அவருக்கு அதால் துடைத்தால், அடுத்து எனக்கு எதால் துடைப்பது என்று கோயிலே பார்க்கும். சாமியாரின் கை இடுப்புக்குப் போய் அங்கேயே நின்றது.

என் மடியில் காய்ந்த துண்டு ஒன்று இருந்தது. யோசித்துச் செய்யவில்லை. பக்கத்தில் ஒரு வயதானவர் ஈரக்காலோடு உட்கார்ந்திருக்கிறார், நம்மிடம் துண்டு இருக்கிறது. வயலில் என்றால் கேட்கக்கூட மாட்டோம், தூக்கிப் போடுவோம். என் துண்டை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன்.

"ஐயா, இந்தாங்க."

அவர் துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெறுப்பாகப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வேணாம்ப்பா. தானா காஞ்சிடும்" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கோயில் அப்போது அவ்வளவு அமைதியாக இருந்தது. சாமியார் மைக்கை அங்கியில் மாட்டியிருந்ததால் தூணுக்குப் பின்னால் வரைக்கும் கேட்டது. சாமியார் பெரிய பண்ணையின் பாதத்தைத் துடைக்காமலே முத்தமிட்டார். பெரிய பண்ணை ஈரக்காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், சாமியார் என் பக்கம் நகர்ந்தார். என் காலைக் கழுவினார். நீட்டிய துண்டு என் கையிலேயே இருந்தது, அதை வாங்கித் துடைத்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பூசை முடிந்து பெரிய பண்ணை வீட்டார் பழைய துண்டை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த வருஷம் யாருடைய காலும் அதில் படவில்லை, அவர் கால்கூடப் படவில்லை. காய்ந்த துண்டாகவே வந்து காய்ந்த துண்டாகவே திரும்பியது. வழக்கம்போல மடித்துச் சுரூபத்துக்குக் கீழே வைத்தார்களாம், காய்ச்சலுக்கு எடுத்துப் போட்டார்களாம்.

அதன்பிறகு கொஞ்ச காலம் எங்கள் தெருவில் அந்த வார்த்தையே பேச்சாகிவிட்டது. வீட்டு மனைப் பட்டா என்னாச்சு என்று யாராவது கேட்டால் மச்சான், "தானா காஞ்சிடும்" என்பார். மழையில் கூரை ஒழுகினால் பெண்கள், "ஐயா சொல்லிட்டாரு, தானா காஞ்சிடும்" என்பார்கள். சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தேன்.

பணிக்குழு இன்னும் இருக்கிறது. அந்தச் சாமியார் மாற்றலாகிப் போனார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கேட்டது சரிதான்" என்றார். பங்கை விட்டுப் போகிற அன்றைக்குச் சொன்னார். பெரிய பண்ணை இறந்துவிட்டார். அடக்கத்துக்கு எங்கள் தெருவும் போனது. அவர் முகத்தில் அந்தப் பழைய துண்டைத்தான் போட்டிருந்தார்கள். அவர் மகன் புதுத் துண்டு நெய்யச் சொல்லிக் காணிக்கை கொடுக்கிறார், அவர் எங்களை 'ங்க' போட்டுத்தான் பேசுகிறார். பதின்மூன்று நாற்காலி, பதின்மூன்று பாலித்தீன் உறை என்று சடங்கு நடக்கிறது. ஆயர் இல்லத்துக்கு அனுப்பும் அறிக்கையில் எங்கள் பங்கில் இந்த விஷயம் சுமுகமாக முடிந்ததாக எழுதுகிறார்கள் என்று கேள்வி.

நான் ஒவ்வொரு தவக்காலமும் எழுந்து அதையேதான் கேட்கிறேன். எனக்கு வேறு பேச்சு தெரியாது. கோயில்தெருப் பையன்கள் எனக்குத் துண்டுக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த வருஷமும் கேட்டேன். புதிதாக வந்த சாமியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "என்ன துண்டு?" என்று கேட்டார். முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"இப்ப ஆளுக்கொரு துண்டு இருக்குல்ல? உங்களுக்கு அதுல என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல சாமி. எல்லாருக்கும் ஒரு துண்டு வேணும்."

"அதான் எல்லாருக்கும் ஒரு துண்டு குடுக்குறோமே!"

சிரித்தார்கள். பெரிய பண்ணையின் மகனும் சிரித்தார், கெட்ட எண்ணத்தோடு அல்ல. மச்சான் இப்போது காது கேட்காமல் வீட்டில் இருக்கிறார், எனக்காகப் பதில் சொல்ல ஆள் இல்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சாமியார் அடுத்த விஷயத்துக்குப் போனார். கோயிலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குக் கூரை போடுவதைப் பற்றிப் பேசினார்கள். அது முடிகிற வரைக்கும் நான் உட்காரவில்லை.